விளக்கணைச்ச எஞ்சினியர்

"எத்தனை டன்?"

கம்பம் பள்ளத்தாக்கில், தேனியிலிருந்து லோயர்கேம்ப் வரைக்கும், கட்டடம் கட்டுகிற எந்த முதலாளியும் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான். எத்தனை பேர் உட்காருவார்கள், வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று வரும், ஒருத்தரும் கேட்டதில்லை. பக்கத்துக் கடைக்காரர் இருபது டன் போட்டிருந்தால் இவருக்கு இருபத்தைந்து வேண்டும். வாழைத்தாரையும் திராட்சையையும் லாரி லாரியாக ஏற்றிவிட்ட கைகள்; டன் என்றால் கனம் என்றுதான் தெரியும். ஏசி டன் என்பது எடை இல்லை, ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்த அளவு என்று நான் விளக்கி விளக்கியே தொண்டை வற்றியவன். சின்னமனூரில் ஒருவர் அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டு, "ஏலே, அம்பது டன்னாம்ல. நம்ம மாடி தாங்குமா?" என்றார்.

ஓய்வு பெற்ற மனிதனை நிம்மதியாக விடுகிறார்களா? எஞ்சினியர்கள் சங்க ஆண்டு மலருக்கு நான் எழுதியே ஆக வேண்டுமாம். கட்டடங்களில் மின்சிக்கனம், நாலு பக்கம். கேட்டவர் முன்பு என்னிடம் வேலை பார்த்தவர். "இப்ப எல்லாத்தையும் சாஃப்ட்வேரே சொல்லிருது சார். ஆனா அந்த விளக்குக் கதை அதுல வராதுல்ல. அதை மறக்காமச் சேத்துக்கங்க" என்றார். அவர்களுக்கு மின்சிக்கனம் வேண்டாம், விளக்குக் கதைதான் வேண்டும். போன மாதம் வரைக்கும் அந்தக் கதையை நானும் கூச்சமில்லாமல் சொல்லித் திரிந்தவன்தான். அதனால் இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம். பிறகு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஈரப்பதம் பார்க்கிற வேலை, நாலு வருஷம். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும், நூல் அறுந்தால் மேனேஜர் கத்துவார். காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கத்தலில் கற்றது. மீதி மதுரையில், தெய்வநாயகம் சாரிடம்.

தெய்வநாயகம் சாருக்கு ஏசி கம்பெனி. அவர் உடம்புக்கு ஏசி ஆகாது. குளிர்ந்த காற்று பட்டால் ஐந்து நிமிஷத்தில் தும்மல் ஆரம்பித்துவிடும். அதனால் அவர் அறையில் சன்னல் திறந்திருக்கும், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும், சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். வாடிக்கையாளர் வந்தால் அடுத்த அறைக்கு அனுப்பி நடுங்க வைத்துவிட்டு, இவர் வாசலில் நின்றபடியே வியாபாரம் பேசுவார். கோபம் இல்லாதபோது நான் "தம்பி". கோபம் வந்தால் "எஞ்சினியர் சார்". அவர் எனக்கு மரியாதை கொடுத்த நாட்களை இன்றைக்கும் தேதி தவறாமல் சொல்வேன்.

நான் கட்டடம் பார்க்கப் போகிற முறை இப்படி. மத்தியானம் மூன்று மணிக்குப் போவேன், ஏனென்றால் மேற்குச் சுவர் அப்போதுதான் உண்மை பேசும். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கண்ணாடி எத்தனை அடி என்று அளப்பேன். நுனியில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் ஒன்று உண்டு, கைப்பிடியைப் பிடித்துக் கிலுகிலுப்பை மாதிரி சுழற்றினால் காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும். போடியில் ஒரு கட்டடத்தில் இதைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது சித்தாள் ஒரு அம்மா எட்டி நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் வெள்ளை ஓடு பதித்த மொட்டை மாடி, மேற்குக் கண்ணாடிக்கு வெளியே நிழல், ஆனி ஆடியில் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கிற காற்றை உள்ளே இழுக்க உயரத்தில் சன்னல், இத்தனையும் சேர்த்தால் மெஷின் எவ்வளவு சின்னதாகப் போதும் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணைக் கொண்டுபோய் தெய்வநாயகம் சார் மேசையில் வைப்பேன்.

அவர் பச்சை மைப் பேனாவை எடுத்து அதை இரண்டால் பெருக்குவார்.

"உன் கணக்கு தப்புன்னு சொல்லல தம்பி. இதுல மரியாதை டன் சேக்கல, அதான்" என்பார். மரியாதை டன்! எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத அளவு. முதலாளியின் அந்தஸ்துக்கு ஏற்ப மெஷினைப் பெரிதாக்குவது. கவுன்சிலர் என்றால் ஒன்றரை மடங்கு, அவருக்கு மேலே என்றால் இரண்டு. வெளிநாட்டில் மகன் இருந்தால் தனி. "நாப்பது டன் போதும்னு சொல்லிப் பாரு, அவருக்கு அதுக்குமேல யோக்கியதை இல்லைங்கற மாதிரி ஆயிரும்" என்பார். அதில் அவர் சொன்னதெல்லாம் உண்மை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மின்சிக்கனம் நம் ஊரில் எப்படி வரவேற்கப்பட்டது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்லிவிட்டு விளக்குக்கு வருகிறேன். போடியில் ஒரு லாட்ஜ். ஏசி மெஷின் அறையிலிருந்து இழுத்த சூட்டை மாடியில் வீணாகக் கொட்டுகிறது. கீழே குளியலறைக்கு வெந்நீர் போடத் தனியாக ஹீட்டர் ஓடுகிறது. அந்தச் சூட்டையே தண்ணீருக்குத் திருப்பினால் ஹீட்டரே வேண்டாம் என்று சொன்னேன். முதலாளி முகம் சுளித்தார். "அடுத்தவன் ரூம்ல கழிச்ச சூட்டுலயா என் கஸ்டமரைக் குளிக்கச் சொல்றீக? எச்சிச் சூடுய்யா அது!" சூட்டுக்கு எச்சில் கிடையாது என்று எந்த விஞ்ஞானி வந்து அவருக்குச் சொல்ல முடியும்? எள்ளை ஆட்டினால் பிண்ணாக்கு வருவது மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "மாட்டுக்குப் போடறதை மனுசனுக்குப் போடச் சொல்றீகளா?" என்று எழுந்தே விட்டார். கடைசியில், சூடு வெயிலிலிருந்து வருகிறது என்று அவர் மனைவியிடம் ஒரு பொய் சொல்லி, அந்த அம்மா சொல்லின் பேரில் குழாயை மாட்டினோம். வெந்நீர் அருமை என்று அந்த அம்மாவே ஊரெல்லாம் சொன்னார்கள்.

இனி விளக்கு.

கம்பம் உத்தமபாளையம் சாலையில் சௌந்தரபாண்டி என்று ஒரு வாழைக்காய் மொத்த வியாபாரி கல்யாண மண்டபம் கட்டினார். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்கே பார்த்து. கேட்டால், துபாயில் அப்படித்தானாம். அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம் அவர் மகள் வாசுகியுடையது. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்; வாசுகியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். மாப்பிள்ளை வீடு போடியில் ஏலக்காய் வியாபாரம்.

நான் அறுபது டன் என்று எழுதினேன். பச்சை மை அதை நூற்றிருபது ஆக்கியது. சரி, மெஷினைப் பெரிதாக்கினார், காற்று போகிற தகரக் குழாயையும் பெரிதாக்கினாரா என்றால் இல்லை. மெஷின் கண்ணுக்குத் தெரியும், மரியாதை. குழாய் கூரைக்குள் ஒளிந்திருக்கும், அதற்கு எதற்கு மரியாதை? ஆக, அதே குழாயில், கூரையில் காற்றைக் கொட்டுகிற அதே கிரில் வழியாக இரண்டு மடங்கு காற்று. போதாததற்கு சௌந்தரபாண்டி, "மாப்பிள்ளைக்கு வேர்க்கப்படாது. போட்டோவுல பவுடர் அழிஞ்சிட்டா நல்லாவா இருக்கும்?" என்று மணமேடைக்கு நேர் மேலே கிரில் வைக்கச் சொன்னார். படத்தின் ஓரத்தில், 'மேடையில் காற்று வேகம் அதிகம்' என்று எழுதினேன். பென்சிலில் எழுதினேன். தெய்வநாயகம் சார் ரப்பரை எடுத்து அழித்துவிட்டுப் படத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். பேனாவில் எழுதியிருந்தால் அழித்திருக்க முடியாது. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

ஆவணி மாதம், காலை முகூர்த்தம். உள்ளே அப்படி ஒரு குளிர். பட்டுப் புடவைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஆளுயரக் குத்துவிளக்கு, ஐந்து முகமும் ஏற்றியிருந்தார்கள். சுடர்கள் கொஞ்சம் சாய்ந்தே நின்றன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதே உள்ளுக்குள் உதைத்தது. மணப்பெண்ணை அழைத்து வந்தார்கள். விளக்கைக் குனிந்து கும்பிட்டு, நிமிர்ந்து, மணைப்பக்கம் திரும்பினாள். விளக்கு அணைந்தது. ஐந்து திரியும் ஒன்றாக.

"ஆத்தாடி! விளக்கு அணைஞ்சு போச்சே!"

மாப்பிள்ளையின் அத்தை பேச்சியம்மாள். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. நாதஸ்வரம் பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார். "பொண்ணு கும்பிட்டு நிமிருது, விளக்கு அணையுது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகாதுண்ணே, எந்திரிங்க" என்று பேச்சியம்மாள் அவரை எழுப்பினார். போடிக்காரர்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சௌந்தரபாண்டி நூறு லாரியை ஒரு சத்தத்தில் நிறுத்துகிற மனிதர். மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாசுகி தலை குனிந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கு இனி இந்தப் பள்ளத்தாக்கில் யார் வருவார்கள், வாழ்நாளெல்லாம் விளக்கணைத்தவள் என்ற பேர்தான் என்று எனக்குத் தோன்றியது.

நான் எழுந்தேன். பக்கத்திலிருந்த தெய்வநாயகம் சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எஞ்சினியர் சார், எங்க போறீக?" மரியாதை வந்துவிட்டது. மப்ளருக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: "சாமி குத்தமோ, கிரகக் கோளாறோ, அவுக என்னமும் சொல்லிக்கிரட்டும். நம்ம மிசினுன்னு வாயத் தெறந்தா சோலி முடிஞ்சுச்சு. பெறகு ஒரு மண்டபத்துக்காரன் நம்மளக் கூப்பிடுவானா?" நான் கையை உதறிக்கொண்டு மேடை ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்தேன்.

"விளக்கை அணைச்சது பொண்ணும் இல்ல, சாமியும் இல்ல. நான்தான். இந்த ஏசிக்குப் படம் போட்டவன் நான். அந்தா, மேல இருக்கு பாருங்க ஓட்டை, அதுல வர்ற காத்து அணைச்சிருச்சு. நம்பலைன்னா இப்பவே காட்டறேன்" என்றேன்.

மைக்கிலேயே ஆபரேட்டரிடம் சொல்லி மெஷினை நிறுத்தினேன். விளக்கை மறுபடி ஏற்றச் சொன்னேன். ஐந்து சுடரும் நேராக நின்றன. "இப்ப ஓட விடுங்கண்ணே" என்றேன். காற்று வந்தது, சுடர்கள் படுத்தன, துடித்தன, அணையவில்லை.

"அணையலையே!" என்றார் பேச்சியம்மாள்.

"இன்னும் கூட்டுங்க. முழுசா விடுங்க!"

காற்று இரைந்தது. என் வேட்டியே பறந்தது. கிரிலுக்கு நேர் கீழே இருந்த இரண்டு திரிகள் அணைந்தன. மூன்று எரிந்துகொண்டுதான் இருந்தன. மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. பேச்சியம்மாள் விளக்கைப் பார்த்தார், கிரிலைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு அணைஞ்சா என்ன, அஞ்சு அணைஞ்சா என்ன. பொண்ணு மேல குத்தமில்லண்ணே. இந்த வெளங்காத எஞ்சினியர் செஞ்ச வேல!" என்று தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தைக் கையில் எடுத்தார். ஏசியை நிறுத்திவிட்டுத்தான் தாலி கட்டினார்கள். ஆயிரம் பேரும் அடைத்த கண்ணாடிக்குள் வெந்தார்கள். மாப்பிள்ளையின் பவுடர் கழுத்து வரை ஓடியது. மாலையோடு உட்கார்ந்திருந்த வாசுகி ஒரே ஒரு தடவை தலை தூக்கி என்னைப் பார்த்தாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வீரபாண்டி விலக்கில் தெய்வநாயகம் சார் காரை நிறுத்தச் சொன்னார். "எறங்குங்க எஞ்சினியர் சார்" என்றார். அவ்வளவுதான் விடைபெறல். பஸ் பிடித்துத் தேனிக்கு வந்து, சொந்தமாக ஒரு போர்டு மாட்டினேன். போர்டில் என் பெயர் இருந்தது; அதை யார் படித்தார்கள்? பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "விளக்கணைச்ச எஞ்சினியர் ஆபீசு எங்கன இருக்கு?" என்று கேட்டால்தான் வழி சொன்னார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. பள்ளத்தாக்கில் அதற்கப்புறம் மண்டபம் கட்டிய அத்தனை பேரும் பயந்துபோயிருந்தார்கள். "எத்தனை டன்?" என்று கேட்டவர்கள், "விளக்கு நிக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். விளக்கு நிற்க வேண்டுமென்றால் காற்று மெதுவாக வர வேண்டும். காற்று மெதுவாக வந்தும் குளிர வேண்டுமென்றால் வெயிலை வெளியிலேயே தடுக்க வேண்டும், மெஷினைச் சின்னதாக்க வேண்டும். நான் வருஷக்கணக்கில் கெஞ்சியது எல்லாம் இதைத்தானே! கரண்டு மிச்சமாகும் என்றபோது காதில் வாங்காதவர்கள், விளக்கு அணையாது என்றதும் கண்ணாடியை உடைத்துச் சன்னல் வைத்தார்கள். மேடையில் விளக்கை ஏற்றி, மெஷினை முழுசாக ஓட்டி, சுடர் நேராக நின்றால்தான் மண்டபத்தை ஒப்படைப்பேன். ஒரு கல்யாணத்தையும் காப்பாற்றி, ஊருக்கு மின்சிக்கனத்தையும் கற்றுக்கொடுத்தவன் என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

போன மாதம் வாசுகி போன் செய்தார். அப்பா காலமாகிவிட்டார், மண்டபத்தை இப்போது அவர்தான் நடத்துகிறார். பழைய மெஷினை மாற்ற வேண்டும், வந்து பார்க்க முடியுமா என்றார். போனேன். அங்கே டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி ஒருவர், நூற்றைம்பது டன் என்று படம் காட்டிக்கொண்டிருந்தார். மரியாதை டன்னுக்கு மரணமே இல்லை. விளக்கு அணையுமே என்றேன். அவர் சிரித்துக்கொண்டு பெட்டியிலிருந்து பித்தளை நிறத்தில் ஒரு குத்துவிளக்கை எடுத்து வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஐந்து பல்பு, சுடர் மாதிரியே நடுங்கின. பேட்டரி விளக்காம், புயலடித்தாலும் அணையாதாம். என்னைப் பொறுத்தவரை இது விளக்குக் கதையைச் சொல்லியே தீர வேண்டிய இடம். மைக், மப்ளர், பேச்சியம்மாள் ஒன்றும் விடாமல் சொன்னேன். கதையின் பெண்ணே எதிரில் இருக்கிறார் என்பதால் இன்னும் கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன்.

வாசுகி கேட்டுக்கொண்டே இருந்தார். பிரதிநிதியைக் காபி சாப்பிட அனுப்பினார்.

"சார், ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீகளே?"

"சொல்லும்மா."

"அன்னைக்கு விளக்கை அணைச்சது நான்."

எனக்குப் புரியவில்லை.

"கோயம்புத்தூருல படிக்க சீட்டு கெடச்சிருந்துச்சு சார். அப்பா அந்தக் கடுதாசிய பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. எம்புட்டோ அழுது பாத்தேன், பட்டினி கெடந்து பாத்தேன். வாயால சொல்லி எதுவும் நடக்கல. குனிஞ்சு கும்பிட்டு நிமிரயில முந்தானையால ஒரே வீசு. அஞ்சும் அணைஞ்சிருச்சு. அந்த அத்தை கத்துனாகள்ல, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. போடிக்காரவுக எந்திரிச்சுட்டாக, கல்யாணம் நின்னுருச்சு, நாளைக்கே பீரோவத் தெறந்துறலாம்னு நிக்கிறேன்." சிரித்தார். "அப்பத்தான் நீங்க மைக்கப் பிடிச்சீக."

ஐந்து திரி அணைந்ததற்கும் இரண்டு திரி அணைந்ததற்கும் வித்தியாசம் பேச்சியம்மாளுக்குத் தெரியாமல் போகலாம். அளப்பதே தொழிலாக வைத்திருந்த எனக்கு? முழு வேகத்தில் விட்டும் மூன்று திரி எரிந்ததை என் கண்ணால் பார்த்தேனே! முழு வேகக் காற்றிலும் முழுசாக அணையாத விளக்கு, அதைவிடக் குறைந்த காற்றில் எப்படி மொத்தமாக அணைந்தது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசித்தேனா? யோசித்தால் கதை கெட்டுப்போகும். படத்தில் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கு மேடையேறிப் பரிகாரம் செய்துவிட்ட திருப்தி எனக்கு. அந்தத் திருப்தியை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீக. எங்க வீட்டுக்காரரும் நல்லவுகதான், ஒரு குறையும் வைக்கல. அது வேற, இது வேற." பிரதிநிதியின் படத்தை மடித்து ஓரமாக வைத்தபடி, "என் மகளைப் போன வைகாசியில பொண்ணு கேட்டு வந்தாக. எனக்கு இப்ப வேணாம், படிக்கணும்னு அவளே வந்தவுக முன்னாடி சொல்லிட்டா. விளக்கு கிட்டயே போகல. நான் பக்கத்துல நின்னேன், அம்புட்டுதான்" என்றார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். அத்தை போயிட்டாக, அப்பாவும் போயிட்டாக. இனி யாரு தாம்பாளத்தக் கீழ வைக்கப் போறா?"

பிறகு வேலையைப் பார்த்தோம். மேற்குக் கண்ணாடிக்கு வெளியே நிழல் கட்டி, மாடிக்கு வெள்ளை ஓடு பதித்தால் ஐம்பது டன்னே தாராளம் என்றேன். மேடைக் கிரிலை அடைத்துவிட்டு, காற்றைப் பக்கவாட்டில் மெதுவாக விடச் சொன்னேன். பழைய மெஷினிலேயே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, அட்டையை வைத்து மேடைக் கிரிலை மறைத்தோம். வாசுகி பேட்டரி விளக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளிருந்து அந்தப் பழைய குத்துவிளக்கைக் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய் ஊற்றித் திரி போட்டு அவரே ஏற்றினார். ஏற்றி முடித்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்து, "இப்ப ஓட விடுங்க சார்" என்றார்.

மெஷின் ஓடியது. ஐந்து சுடரும் அசையாமல் நின்றன. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.